செவலைக்குப் புது பிரேக்

ஜனவரி 19, ஞாயிறு

தூறல். எதிர்மலை தெரியவில்லை. லேனர்ஸ் வகுப்பு லீவு, நல்லவேளை; இன்று யாருக்கும் வண்டி ஓட்டச் சொல்லித்தர வேண்டாம். எழுத்தெல்லாம் கோணல்.

நேற்று நடந்தது. மகள் தாரணி கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி எடுக்க, பெண்டாட்டி புஷ்பாவை ஏற்றிக்கொண்டு எல்லயிலிருந்து பதுளைக்கு இறங்கினேன். செவலையில், என் பழைய சிவப்புக் காரில். தெமோதரைக்கு முன்னால் தேயிலை ஃபெக்டரி வளைவு. பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன். தரைவரைக்கும். வலப்பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கியர் மூன்று, ரெண்டு, ஹேண்ட் பிரேக். இடது சக்கரத்தை ரோட்டோர வடிகால் கானுக்குள் இறக்கி, மண்திட்டில் உரசி நிறுத்தினேன்.

புஷ்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இறங்கினாள், சேலையை உதறினாள், பின்னால் வந்த பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டாள். துணியும் எடுத்து வந்திருக்கிறாள். பொருத்தமான நிறம்தான்.

பத்தொன்பது வருசமாக பதுளையில் ஊருக்கே டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வெளியே தெரிந்தால் மானம் போகும்.

சாயங்காலம் புஷ்பா தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் சொன்னது: "எம் மகள அந்த வண்டியில ஏத்த விடமாட்டேன். சொல்லிட்டேன்."

பிப்ரவரி 2 கல்யாணம். பதுளைக் கோயிலில். தாரணியின் ஆசை, ஒரே ஆசை, கோயிலுக்கு செவலையில் போக வேண்டும் என்பது. "ரெண்டு சீட்டுதானே இருக்கு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. வேற யாரும் ஏற முடியாது, அதாம்ப்பா வேணும்." மூன்று மாதமாக இதையே சொல்கிறாள். அதே ரோடு. அதே வளைவு. காலை ஆறரைக்கு.


ஜனவரி 20, திங்கள்

மழை இல்லை. ஹாலி-எலயில் இருக்கும் குமார் கராஜுக்கு செவலையை லொறியில் கட்டி இழுத்துப் போனோம். ஃபெக்டரிப் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருத்தி: "அய்யோ, செவப்பு காரு படுத்திருச்சு!"

செவலைக்கு முப்பது வயசு. ஜப்பான்காரன் செய்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு டாக்டரிடம் வாங்கினேன். லைட் போட்டால் கண் திறக்கிற மாதிரி விளக்கு மேலே எழும்பும். செவலை என்று பேர் வைத்தவள் புஷ்பா, பாராட்டி வைத்ததில்லை.

குமார் சக்கரத்தைக் கழற்றினான். என்னைவிடப் பத்து வயசு இளையவன், ஆனால் பிரேக் விசயத்தில் பெரியவன். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பேடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். உள்பக்கத்தில் பேட் என்று ஒன்றுமே இல்லை, இரும்புதான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், தட்டு மாதிரி இருக்க வேண்டியது, ஓரத்தில் வரம்பு கட்டி நடுவில் குழிந்து கிடக்கிறது. பதினெட்டு மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று விளிம்பில் அச்சடித்திருக்கிறது. அளந்தால் பதினாறரை.

"பிரேக் எண்ணெயும் கொதிச்சிருச்சு மாஸ்டர். அதான் பெடல் பஞ்சாயிருச்சு. இவ்வளவு சூடு எப்படி ஏறுச்சு? சின்ன கியர்ல இறங்கலையா?"

"இறங்கினேன்டா."

பொய். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். நாலாவது கியரில், பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினேன். வண்டி வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகிற சுகம். பக்கத்தில் பெண்டாட்டி, பாட்டு, பெருமை. மேடு ஏறுகிற கியரிலேயே பள்ளம் இறங்கு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தொண்டை கிழியச் சொல்கிறவன்.

புஷ்பாவிடம் "பழைய வண்டி, சாமான் தேஞ்சுபோச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் உண்மைதானே. பாதி உண்மை.


ஜனவரி 21, செவ்வாய்

குளிர். தொண்டைக்கு இஞ்சித் தண்ணி.

முன் சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க், பேட் மாற்ற வேண்டும். பின்னால் பரவாயில்லையாம். என்ன போடுவது? காலையிலிருந்து போனில் படித்துப் படித்து கண் எரிகிறது.

பேட்:
– பதுளைக் கடையில் இருப்பது. பெட்டியில் பேர் இல்லை. நகத்தால் சுரண்டினேன், தூளாக வந்தது. கடைக்காரர் முறைத்தார். வேண்டாம்.
– சாதாரண ரோட் பேட், இரும்புத் தூள் கலந்தது. குமார் இதைத்தான் சொல்கிறான். "இதே அளவு பேடுதான் இங்க ஓடுற பாதி காருக்கும், எப்பவும் கிடைக்கும்." செவலைக்குப் போய் வாடகைக் கார் பேடா?
– ரேஸ் பேட். கொழும்பில் ஒருவர் தருவிக்கிறார். நீல நிறம். எவ்வளவு சூடு ஏறினாலும் கைவிடாதாம்.

டிஸ்க்:
– வெறும் டிஸ்க்
– கோடு போட்டது
– ஓட்டை போட்டது. பார்த்தாலே வேகம்.

சூடுதான் நம்மைக் கவிழ்த்தது. ஆக சூடு தாங்குகிறதைப் போடுவதுதானே நியாயம்? அதோடு ஓட்டை போட்ட டிஸ்க் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையில் தெரியும். கல்யாணப் படத்திலும் விழும்.

என்னிடம் டிரைவிங் பழகுகிற ஹாலி-எல டீச்சர் இன்று ஆட்டுக்கு பிரேக், நாய்க்கு பிரேக், தூரத்தில் ஒரு குடைக்கு பிரேக். திட்ட வாய் வரவில்லை. நிற்கிறதே, அது போதும்.


ஜனவரி 22, புதன்

ஆர்டர் கொடுத்தாயிற்று. நீல ரேஸ் பேட், ஓட்டை டிஸ்க்.

குமாரோடு வாய்ச்சண்டை. "மாஸ்டர், நம்ம ரோட்டுக்கு அது எதுக்கு?" என்றான். "மகள ஏத்தப் போறேன்டா, இருக்கிறதுலயே பெருசு போடுறேன்" என்றேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை. மகள் என்று சொன்னால் யார் பேசுவார்கள்? அதைத் தெரிந்தே சொன்னேன்.

புஷ்பா என்னோடு சாப்பாட்டு விசயம் மட்டும் பேசுகிறாள். "ரசம் இருக்கு." "மூடி வச்சிருக்கு." மாப்பிள்ளை வீட்டாரிடம் வேன் கேட்டு வைத்திருக்கிறாளாம், தாரணிக்கு. தாரணி அழுதிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.


ஜனவரி 27, திங்கள்

பார்சல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் போய் எடுத்தேன். கனம், தோளே இறங்கிவிட்டது. குமாருக்கு வியாழன்தான் நேரம் இருக்கிறதாம், அதுவரை வீட்டில். சாமி அறை மூலையில் வைத்தேன், வேறு இடமெல்லாம் கல்யாணச் சாமான்.

பெட்டியைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்துப் பார்த்தேன். பளபளப்பு. தாரணியும் வந்து தொட்டுப் பார்த்தாள். "வளையல் மாதிரி இருக்குப்பா." புஷ்பா கதவோரத்தில் நின்றாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி, தாரணியிடம் சொல்கிற மாதிரி, எல்லாவற்றையும் விளக்கினேன். இது பிடிக்கும், இது சுற்றும், இது ரெண்டும் நல்லா இருந்தால் உயிர் தப்பும்.

புஷ்பா: "இதுதான் நிறுத்துதா?"

ஒன்பது நாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சாப்பாடு அல்லாதது.


ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. விரதம். வாழைக்காய் பொரியல், பூசணிக்காய் கூட்டு, வடை. வயிறு முட்ட. அப்பா பேருக்குத் தண்ணி இறைத்தேன்.

பார்சல் பெட்டி சாமி படத்துக்கு முன்னால் நகர்ந்திருந்தது. கூட்டிப் பெருக்கியிருப்பாள் என்று நினைத்தேன். ஊதுபத்தி வாசம் நல்லாயிருந்தது.


ஜனவரி 30, வியாழன்

மழை. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பெட்டியை குமார் கராஜில் போய்த்தான் திறந்தேன். மேல் மூடியை எடுத்ததும் நல்லெண்ணெய் வாசம். குமார் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

டிஸ்க் ரெண்டுக்கும் நல்லெண்ணெய் பூசியிருக்கிறது. மேலே, கீழே, விளிம்பு, ஒரு இடம் விடாமல். ஓட்டைக்கு ஓட்டை சந்தனம், நடுவில் குங்குமம். பேட் நாலும் அந்த டிஸ்க் மேலேயே அடுக்கி, அவற்றின் முகத்திலும் ஆளுக்கொரு பொட்டு. ராத்திரி முழுக்க எண்ணெய் குடித்து பேட் ஊறியிருந்தது. நீலம் கறுப்பாகிவிட்டது.

புஷ்பாவுக்கு போன் போட்டேன். கராஜ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

அவள் சொன்னது: "மழ காலம், வெறும் இரும்பு துரு ஏறிரும்ல. தோசக்கல்லுக்குத் தடவுற மாதிரிதான் தடவுனேன். அமாவாச, எம் புள்ள போற வண்டி, சாமிகிட்ட வச்சேன். அது தப்பா?"

போனை வைத்துவிட்டாள்.

பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது என்று அவளுக்கு யார் சொன்னது? நானா? ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குமார் ஒரு கிளாஸ் பால் இல்லாத பிளேன்டீ கொடுத்தான். டிஸ்க்கைக் கழுவலாம், ஆனால் இத்தனை ஓட்டைக்குள் இறங்கினதெல்லாம் சூடானால் கசியும், கல்யாணத்துக்கு முந்தி நம்பிப் போட மாட்டேன் என்றான். பேடைக் குப்பையில்தான் போட வேண்டும். அப்புறம் பேட் வந்த சின்னப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாஸ்டர், இதப் படிச்சீங்களா?"

பின்பக்கத்தில் பொடி எழுத்து. பந்தயத்துக்கு மட்டும். நன்றாகச் சூடேறும் வரை முழுப் பிடிப்பு இராது.

"போன வருசம் பண்டாரவளையில ஒரு பையன் இதே மாதிரி ஒண்ணு போட்டான். பகல் முழுக்க அடிச்சு ஓட்டுனா அப்படிப் பிடிக்கும். காலையில பனியில வண்டிய எடுத்தான், முத வளைவுலயே பேடு கல்லு மாதிரி கிடந்துச்சாம், பிடிக்கவே இல்ல. வேலியில நின்னான்."

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. நீங்க மகள்னீங்க."

காலை ஆறரை. மூடுபனி. தாரணி பட்டுச்சேலையில் பக்கத்தில். சூடேறாத பேட். எல்லயிலிருந்து ஃபெக்டரி வளைவு வரைக்கும் இறக்கம்.

உட்கார்ந்துவிட்டேன், டயர் மேலே. கையில் எண்ணெய்ப் பேட், அதில் புஷ்பா வைத்த பொட்டு. அவள் மட்டும் இதைக் கெடுக்காமல் இருந்திருந்தால்.

முடிவு: வெறும் டிஸ்க், ஓட்டை கீட்டை வேண்டாம். குமார் சொன்ன ரோட் பேட். பேட் பதுளையிலேயே கிடைத்தது. டிஸ்க் கொழும்பில் உதிரிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து இன்றைய பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். கடைசியில் வாடகைக் கார் பேடேதான்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். புஷ்பா மெஷினில் இருந்தாள். பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பெட்டியில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அப்புறம் மற்றதையும் சொன்னேன். நாலாவது கியர். சாமான் தேய்ந்தது பாதி, என் கொழுப்பு பாதி.

மெஷின் மிதிக்கிற காலை நிறுத்தினாள்.

"தெரியும்."

"எப்படி?"

"இத்தன வருசம் இந்த மெஷினப் போட்டுக்கிட்டு நீங்க வாசல்ல பாடம் எடுக்கிறத நாந்தான கேட்டுக்கிட்டு இருக்கேன். இறக்கத்துல எஞ்சின் சத்தம் போடணும்னு சொல்வீங்கல்ல? அன்னிக்கு சத்தமே இல்ல. பாட்டுதான் கேட்டுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். பிரேக்க நம்பாம இல்ல. உங்கள நம்ப முடியலையேன்னுதான்…"

நூலைப் பல்லால் கடித்தாள். போனில் கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். பன்னிரண்டு நாளில் இன்றுதான் நெஞ்சிலிருந்து கல் இறங்கின மாதிரி. சோறு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.


ஜனவரி 31, வெள்ளி

டிஸ்க் வந்தது. காகிதம் சுற்றின மேனிக்கே நேரே கராஜுக்கு. வீட்டுப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. புஷ்பா போனில்: "தொட மாட்டேன், கொண்டாங்க பாக்க." சிரித்தாள்!

டிஸ்க்கில் கம்பெனிக்காரனே துரு ஏறாமல் ஒரு எண்ணெய் பூசித்தான் அனுப்புகிறான். குமார் ஸ்பிரே அடித்துத் துடைத்துத் துடைத்து எடுத்தான், வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும் வரை. ஆக புஷ்பா நினைத்ததில் தப்பே இல்லை. மாட்டுமுன் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியாதது. போன் போட்டுச் சொன்னேன். "பாத்தீங்களா" என்று மூன்று தடவை சொன்னாள்.

பிரேக் எண்ணெயும் புதுசு. பெடல் இப்போது காலுக்குக் கீழே கெட்டியாக நிற்கிறது.


பிப்ரவரி 1, சனி

விடிகாலை. நல்ல பனி. புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஹாலி-எல நேர் ரோட்டில் அறுபதுக்கு ஏற்றி, பத்துக்கு இறக்கி, முழுசாக நிற்காமல் மறுபடி அறுபது. பத்துத் தடவை. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஆற விட்டு ஓட்டுவது. லேசாக ஒரு தீய்ந்த வாடை. குமார் பயப்பட வேண்டாம் என்றான்.

பிறகு நான் மட்டும் மேலே வந்து, வீட்டிலிருந்து இறங்கினேன். பக்கத்து சீட்டில் கல்யாணத்துக்கு வாங்கின அரிசி மூட்டை, ஐம்பது கிலோ. தாரணியின் எடை கிட்டத்தட்ட. (சொன்னால் அடிப்பாள்.) மூட்டைக்கு சீட் பெல்ட்டும் போட்டேன். வாசலில் தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். புஷ்பா மட்டும் சிரிக்காமல் வந்து, பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள்.

முதல் வளைவு, சக்கரம் இன்னும் குளிர். பிடித்தது. ரெண்டாவது கியர். எஞ்சின் கத்திக்கொண்டே வந்தது. ஃபெக்டரி வளைவு வந்தது. லேசாக மிதித்தேன், வண்டி சொன்னபடி கேட்டது. வேண்டுமென்றே நிறுத்தினேன், நட்ட நடுவில். கானில் நம்ம டயர் கிழித்த தடம் அப்படியே இருக்கிறது. ஒரு தேயிலைக் கொழுந்து லொறிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். காது குளிரக் கேட்டேன்.

மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூட்டை மூன்று தடவையும் பத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பா: "வேன் வேணாம்னு சொல்லிட்டேன்."


பிப்ரவரி 2, ஞாயிறு

கல்யாணம் நடந்தது. நல்லபடியாக.

சுருக்கமாக, கண் மூடுகிறது. ஐந்தரைக்கு செவலைக்கு மாலை. புஷ்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, எனக்கு முன்னால் நின்று, "எங்க வைக்கலாம்?" என்று பெரிய மரியாதையாகக் கேட்டாள். பானெட்டில், பம்பரில், ஸ்டியரிங்கில். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் நாலு. சக்கரத்துக்கு உள்ளே ஒன்றும் இல்லை.

தாரணி ஏறினாள். பட்டுச்சேலை, ஜடைநாகம், சின்னக் காருக்குள் அடங்கவில்லை. ரெண்டாவது கியர், பனி, வைப்பர். ஃபெக்டரி வளைவு வரும்போது அவள் கையை எடுத்து கியர்மேல் இருந்த என் கைமேல் வைத்தாள். நான் பிரேக்கைத் தொட்டேன். வண்டி பணிந்தது. வளைவு முடிந்ததும், "அப்பா, எஞ்சின் சத்தம் போடுது, நல்லா" என்றாள். அம்மா சொல்லியிருக்கிறாள்!

கோயில் வாசலில் கோலத்தின் விளிம்பில், ஒரு புள்ளி அழியாமல் நிறுத்தினேன். மாப்பிள்ளையின் மாமா: "என்னா பிரேக்கு!" வாடகைக் கார் பேடு என்று சொல்லவில்லை.

தாலி கட்டும்போது அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.


பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில். சுதந்திர தின லீவு, லேனர்ஸ் இல்லை. வீட்டில் தாரணி செருப்பு ஒரு ஜோடி மட்டும் வாசலில்.

மறுவீட்டு விருந்துக்கு அழைக்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய நாள். தட்டில் வெற்றிலை பாக்கு, லட்டு, ஆரஞ்சு நிறத்தில் தோடம்பழம் பதினொன்று. வேன் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நாம ரெண்டு பேருதான."

ஏறிவிட்டாள். தட்டு மடியில். அன்றைக்குப் பிறகு முதல் தடவை.

புறப்பட்டதும் பார்த்தேன், ஒவ்வொரு வளைவுக்கும் அவள் வலது கால் தரையை அழுத்துகிறது. லேனர்ஸ் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு; இங்கே அவள் பக்கத்தில் வெறும் தரை. அவள் மிதிக்கிற இடத்தில் நானும் மிதித்தேன், அதே நேரத்துக்கு. ரெண்டாவது கியர். பாட்டு போடவில்லை.

ஃபெக்டரி வளைவு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிடித்தோம்.

தெமோதரை தாண்டி அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தேன், அந்தக் காலைக் காணவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ரெண்டு காலையும் சீட்டுக்கு மேலே மடித்துப் போட்டு, சம்பந்தி தட்டிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள்.